மகளின் கல்லூரிக்காக நான் டெக்சாஸ்காரன் ஆன கதை

1

நேற்றோடு நான் டெக்சாஸில் குடியேறி ஒரு வருடம். கேக் எதுவும் வெட்டவில்லை. காலையில் மகளைப் பல்கலைக்கழக வாசலில் இறக்கிவிட்டேன். கதவைச் சாத்தும் முன், “ஏனுங்ப்பா, ஹேப்பி டெக்சாஸ் டே!” என்றாள். சொல்லிவிட்டு, கப் ஹோல்டரில் இருந்த என் காபியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். விழா அத்துடன் முடிந்தது.

ஊரில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும். அமெரிக்காவில் பிறந்த நாளை மறக்கலாம். கல்யாண நாளை மறந்தால்கூட இரண்டு நாள் மௌனத்தோடு தப்பித்துவிடலாம். ஒரு மாநிலத்தில் குடியேறிய நாளை மட்டும் மறக்கக்கூடாது. பிள்ளை கல்லூரிக்குப் போகும் வயதில் இருந்தால், அந்த ஒரு தேதியைப் பொறுத்துத்தான் கட்டணம் ஒரு மடங்கா, பல மடங்கா என்பது முடிவாகும்.

முதலில் எங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மகள் நிவேதா பிறந்தது நியூ ஜெர்சியில். நான் அப்போது அங்கே வேலையில் இருந்தேன், பிறகு குடியுரிமையும் வாங்கினேன். அவளுக்கு நான்கு வயது நடக்கும்போது மூட்டையைக் கட்டிக்கொண்டு கோயம்புத்தூருக்கே திரும்பிவிட்டோம். என் மனைவி சுகந்தி பல் டாக்டர். சாய்பாபா காலனியில் கிளினிக் வைத்தாள், அது நன்றாக ஓடியது. நான் அவினாசி ரோட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன், நானும் ஏதோ ஓடினேன். நிவேதா எல்.கே.ஜி.யிலிருந்து பிளஸ் டூ வரை அங்கேயே படித்தாள்.

ஆக, பாஸ்போர்ட்டின்படி அவள் அமெரிக்கக்காரி. பேச்சின்படி கோயம்புத்தூர்ப் பீளமேட்டுக்காரி. அமெரிக்கக் கல்லூரிகளின் விண்ணப்பத்தில் ‘வெளிநாட்டில் படித்த குடிமகள்’ என்று ஒரு வகை வரும். அதில் வெளிநாடு என்பது கோயம்புத்தூர். இதை அவளுக்குப் புரியவைக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது.

“அப்ப நான் பாரின் போயி படிக்கப் போறேனா, பாரின்ல இருந்து வந்து படிக்கப் போறேனா?”

“ரெண்டும்தான் பாப்பா.”

“அதெப்படிங்ப்பா?”

அதெப்படி என்று எனக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி தலையாட்டினேன். அப்பாவாக இருப்பதில் பாதி வேலை அதுதான்.

2

இந்தக் கதையில் யாராவது முட்டாள் உண்டென்றால் அது நான்தான். பன்னிரண்டு வருடமாகக் கல்யாண வீடுகளில் நான் அடித்துவிட்ட பெருமைக்கு அளவே இல்லை. மற்றவர்கள் பிள்ளைகளின் கோச்சிங் கிளாஸ், கட் ஆஃப், மேனேஜ்மென்ட் கோட்டா என்று கவலையோடு பேசிக்கொண்டிருப்பார்கள். நான் பந்தியில் பாயசத்தை உறிஞ்சியபடியே, “நம்ம பாப்பாவுக்கு என்னங்க? சிட்டிசன். பாஸ்போர்ட்டக் காட்டுனா உள்ள விட்ருவாங்க” என்பேன்.

விட்டார்கள்தான், ஏர்போர்ட்டில். கல்லூரி வேறு இடம் என்று அப்போது தெரியவில்லை.

அவளுடைய பதினோராம் வகுப்பில்தான் ஒருநாள் உட்கார்ந்து ஒழுங்காகப் பார்த்தேன். வெளிநாட்டு மாணவர்களுக்கென்று சில கல்லூரிகள் தனி உதவித்தொகை வைத்திருக்கின்றன. அது இவளுக்குக் கிடையாது, இவள் குடிமகள். உள் மாநில மாணவர்களுக்கென்று அரசுப் பல்கலைக்கழகங்கள் குறைந்த கட்டணம் வைத்திருக்கின்றன. அதுவும் கிடையாது, இவளுக்கு எந்த மாநிலமும் சொந்தமில்லை. அமெரிக்க மத்திய அரசின் உதவித்தொகைக்கு மட்டும் குடியுரிமை இருந்தால் போதும். ஆனால் படிவத்தில் என் சம்பளத்தைத் தட்டியதும், கடன் வேண்டுமானால் தருகிறேன் என்று அது மரியாதையாக ஒதுங்கிக்கொண்டது.

கல்யாண மண்டபத்தில் சிலரைப் பார்த்திருப்பீர்கள். மாப்பிள்ளை வீட்டார் அவரைப் பெண் வீட்டு ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று. கடைசிவரை இரண்டு பக்கமும் அவரைச் சாப்பிடக் கூப்பிடாது. என் மகளின் நிலைமை அதுதான். பாயசம் குடித்தவன் நான், பட்டினி அவளுக்கு.

உடனே அமெரிக்காவில் எனக்கிருக்கும் இரண்டு ஆலோசகர்களையும் அழைத்தேன். ஒருவர் நியூ ஜெர்சியில் இருக்கும் என் பெரியப்பா மகன் செந்தில் அண்ணன். இன்னொருவன் கலிபோர்னியாவில் பிளசன்டனில் இருக்கும் என் கல்லூரித் தோழன் துரை. அமெரிக்காவில் இருக்கும் எந்தத் தமிழனிடம் கேட்டாலும் அவன் இருக்கும் மாநிலம்தான் நல்ல மாநிலம். மற்ற இடங்களில் ஒன்று குளிர், இல்லையென்றால் வெயில், இல்லையென்றால் வீட்டு விலை.

“டேய், புள்ள இங்க பொறந்தவடா!” என்றார் செந்தில் அண்ணன். “நியூ ஜெர்சி பொண்ணு. எங்க ஸ்டேட்ல சேக்காம வேற எங்கடா சேப்ப? பர்த் சர்டிபிகேட்ட எடுத்துட்டு வா, நான் பேசறேன்.”

பேசினார். மறுநாள் அவரே கூப்பிட்டார். குரலில் சுருதி இறங்கியிருந்தது. “பொறந்ததெல்லாம் கணக்குல வராதாம்டா. இப்ப எங்க குடியிருக்கீங்கன்னுதான் கேக்கறாங்க. பொறந்த ஊருல பொறந்ததுக்கே மரியாத இல்லன்னா என்னடா ஊரு இது?”

துரை வேறு மாதிரி. அவனுக்கு எல்லாவற்றுக்கும் எக்செல் ஷீட் உண்டு. “மச்சி, மொதல்ல பக்கத்துல கம்மி பீஸ்ல ஒரு கம்யூனிட்டி காலேஜ்ல ரெண்டு வருஷம். அங்கிருந்து பெரிய யுனிவர்சிட்டிக்கு டிரான்ஸ்பர். பாதி செலவு. கடைசில அதே டிகிரிதான். என் பொண்ணு ரியா அப்படித்தான் பண்ணப் போறா.”

பின்னாலிருந்து ரியாவின் குரல் கேட்டது: “Dad, I never said that.”

“தமிழ்ல சொல்லும்மா, அங்கிள் லைன்ல இருக்காரு.”

“அங்கிள், I never said that.”

துரை சொன்னது உண்மையிலேயே நல்ல யோசனை. இங்கே ஆயிரம் பேர் அப்படித்தான் புத்திசாலித்தனமாகப் படிக்கிறார்கள். ஆனால் நான் கல்யாண வீடுகளில் அடித்துவிட்டிருந்த பெருமை அதற்கு இடம் கொடுக்கவில்லை. அதோடு அங்கேயும் ஒரு வருடம் அந்த மாநிலத்தில் குடியிருந்திருக்க வேண்டுமாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த ஒரு வருடம்தான் குறுக்கே வந்து நின்றது.

அப்போதுதான் பழைய மேனேஜர் ஒருவர் டெக்சாஸில் ரிச்சர்ட்சன் என்ற ஊரில் வேலை தருவதாகச் சொன்னார். அங்கே காரில் போய்வரும் தொலைவில் ஒரு அரசுப் பல்கலைக்கழகம் இருந்தது. அதில் நிவேதா ஆசைப்பட்ட படிப்பும் இருந்தது. காது கேட்பது, பேச்சு வருவது, இரண்டிலும் உள்ள குறைகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் படிப்பு. பள்ளியில் அவள் பக்கத்தில் உட்காரும் தோழி காதுக்கருவி வைத்திருப்பவள். அது வேலை செய்யாத நாட்களில் இவள்தான் வகுப்பில் டீச்சர் சொல்வதையெல்லாம் எழுதிக் காட்டுவாள். அதில் வந்த ஆசை. எங்கள் வீட்டில் என் பேச்சை யாரும் கேட்பதில்லை. அந்தக் குறையை மகள் தொழில்முறையிலேயே தீர்க்கப்போகிறாள் என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

திட்டம் இதுதான். அவள் பிளஸ் டூ படிக்கும் வருடம் நான் முன்னால் போய் டெக்சாஸில் குடியேறுவது. பெற்றவர் ஒரு வருடம் குடியிருந்தால் பிள்ளைக்கும் அந்த மாநிலம் சொந்தம். சுகந்தி கிளினிக்கைப் பார்த்துக்கொள்வாள்.

“எத்தன வருஷம்?” என்று கேட்டாள் சுகந்தி.

“ரெண்டே வருஷம். பாப்பா செட்டில் ஆனதும் வந்துருவேன்.”

அவள், வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுச் சொத்தைப் பல்லைப் பார்ப்பது போல ஒரு பார்வை பார்த்தாள்.

3

நடுவில் விண்ணப்பம் அனுப்பிய கதை ஒன்று உண்டு. அமெரிக்கக் கல்லூரிகள் பள்ளி ஆலோசகரிடமிருந்து பரிந்துரைக் கடிதம் கேட்கும். எங்கள் பள்ளியில் ஆலோசகர் கிடையாது, பி.டி. சார் உண்டு. கடைசியில் பிரின்ஸிபால் மேடமே எழுதுவதாக ஒப்புக்கொண்டார். நிவேதாவின் தலைமைப் பண்பு, தனித்தன்மை, சவால்களை எதிர்கொண்ட விதம் எல்லாவற்றையும் பற்றி ஒரு பக்கம் எழுதவேண்டும் என்று வாட்ஸாப்பில் விளக்கியிருந்தேன்.

மேடம் எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு அனுப்பினார். மொத்தம் ஒரே வரி. அவளுடைய நடத்தையும் ஒழுக்கமும் நன்று.

“இதுக்கு மேல என்னங் சார் எழுதறது?” என்றார் போனில். “நல்ல புள்ள. தப்பு தண்டா ஒண்ணுமில்ல. இன்னும் இழுத்து எழுதுனா சந்தேகப்படுவாங்கங்.”

நான் பிறகு மன்றாடி இன்னொரு பக்கம் வாங்கினேன். அதில் நிவேதா அனுமதியின்றி ஒருநாளும் விடுப்பு எடுத்ததில்லை என்று சேர்த்திருந்தார். எப்படியோ இடம் கிடைத்தது. அந்த ஒரு வரிதான் காரணம் என்று மேடம் இன்றுவரை நம்புகிறார். நானும் மறுத்துப் பேசவில்லை.

இடம் கிடைத்தது, ஆனால் வெளி மாநிலக் கட்டணத்தில். உள் மாநிலக் கட்டணம் வேண்டுமென்றால் நான் டெக்சாஸ்காரன் என்று நிரூபிக்கவேண்டும். அந்தக் கட்டணம் இல்லாவிட்டால் எங்களால் முடியாது. அதற்காகக் கோயம்புத்தூரில் வேறொரு படிப்புக்கு ஒரு கல்லூரியில் இடம் பிடித்து வைத்திருந்தோம். காதுப் படிப்பு அந்தக் கல்லூரியில் இல்லை.

4

இனி நான் டெக்சாஸில் குடியேறிய அழகைக் கேளுங்கள்.

நம் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. ஆள் கோயம்புத்தூரில் இருப்பான். ரேஷன் கார்டு பொள்ளாச்சியில் இருக்கும். ஓட்டு கோபியில் இருக்கும். கேஸ் கனெக்ஷன் மாமனார் பெயரில் திருப்பூரில் இருக்கும். எதையும் மாற்றமாட்டோம். எதற்கு மாற்றவேண்டும், எப்படியும் ஒருநாள் அங்கே போகத்தானே போகிறோம்? நானும் அதே ஒழுங்கோடுதான் அமெரிக்கா வந்து இறங்கினேன்.

செல்போன் செந்தில் அண்ணனின் ஃபேமிலி பிளானில் சேர்ந்தது. மாதம் கொஞ்சம் மிச்சம். ஆகவே என் நம்பர் நியூ ஜெர்சி. பாங்க் கணக்கு, நான் இந்தியாவில் இருந்த காலத்திலிருந்தே துரையின் முகவரியில் இருந்தது. ஆகவே என் ஸ்டேட்மென்ட் எல்லாம் பிளசன்டன். எதற்கு மாற்றுவது, இரண்டு வருடம்தானே? ரிச்சர்ட்சனில் எடுத்த அபார்ட்மென்ட்டுக்கு முதல் ஆறு மாதம் ஒப்பந்தம், பிறகு மாதாமாதம் நீட்டிப்பு. கொஞ்சம் வாடகை அதிகம்தான், ஆனால் எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம் இல்லையா?

வீட்டில் காற்றடித்த மெத்தை ஒன்று. மடக்கு நாற்காலி ஒன்று. மைக்ரோவேவ் வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் சாப்பாடு. கொண்டுவந்த பெரிய பெட்டியைக் கடைசிவரை காலி செய்யவில்லை. தினமும் அதிலிருந்தே சட்டையை எடுத்து, துவைத்து, திரும்ப அதற்குள்ளேயே வைத்தேன். ஒரு வருடம் முழுக்க டெக்சாஸில் குடியேறுவதற்காகவே வந்தவன், ஒரு வருடம் முழுக்க டெக்சாஸை விட்டுக் கிளம்பத் தயாராக இருந்தேன்.

ஜூன் மாதம் நிவேதா வந்து சேர்ந்தாள். கதவைத் திறந்து உள்ளே பார்த்தாள். மெத்தையைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள்.

“ஏனுங்ப்பா, இது வீடா, வெயிட்டிங் ரூமா?”

“சிம்பிளா இருக்கணும் பாப்பா.”

“சிம்பிள் வேறங்ப்பா. இது ரயிலுக்கு ஒக்காந்திருக்கறாப்ல இருக்குது.” பிறகு என்னைக் கூர்ந்து பார்த்தாள். “எனக்கும் ரிட்டர்ன் டிக்கெட்டுதானே போட்டிருக்கறீங்?”

“அது… ரிட்டர்ன் போட்டா கொஞ்சம் சீப்பு.”

அம்மாவின் அந்தப் பல் டாக்டர் பார்வை அவளுக்கும் வந்திருந்தது.

5

ஜூலையில் பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனோம். கவுன்ட்டரில் இருந்த பெண்மணிக்கு நம் பிரின்ஸிபால் மேடம் வயதிருக்கும். பெயர் லிண்டா. கழுத்தில் மணிச்சங்கிலியில் கண்ணாடி தொங்கியது. என்னைப் பார்த்து மிக அன்பாகச் சிரித்தார். இந்த ஊரில் யாராவது அன்பாகச் சிரித்தால் நான் கடகடவென்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். அது எனக்கிருக்கும் வியாதி.

நான் கொண்டுபோன காகிதங்களைப் பரப்பினேன். லிண்டா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

“உங்கள் போன் பில் நியூ ஜெர்சியில் இருக்கிறதே?”

“அது என் அண்ணன் வீடு.”

“பாங்க் ஸ்டேட்மென்ட் கலிபோர்னியா?”

“அது என் நண்பன் வீடு.”

“வீட்டு ஒப்பந்தம் மாதாமாதம். சரி, வேலை மட்டும் இங்கேதான் இருக்கிறது.” அவர் கண்ணாடியைக் கழற்றினார். “பரவாயில்லை. வேலையும் வீடும் இங்கே இருப்பது நல்லதுதான். இரண்டு கேள்வி கேட்கிறேன். டெக்சாஸுக்கு எதற்காக வந்தீர்கள்?”

எவ்வளவு சுலபமான கேள்வி! நான் நெஞ்சை நிமிர்த்தினேன். “என் மகளின் படிப்புக்காக.”

பக்கத்தில் நிவேதா என் செருப்பின் மேல் ஏறி நின்றாள். எனக்குப் புரியவில்லை. நகர்ந்து இடம் விட்டேன்.

“ஓ,” என்றார் லிண்டா. பேனா கீழே இறங்கிவிட்டது. “இங்கே எவ்வளவு காலம் இருப்பதாக எண்ணம்?”

என் வாய் இருபது வருடமாக இந்தக் கேள்விக்குப் பயிற்சி எடுத்த வாய். நியூ ஜெர்சியில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி கேட்டபோதும், கோயிலில் அர்ச்சகர் கேட்டபோதும், விமானத்தில் பக்கத்து சீட்காரர் கேட்டபோதும் அது ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறது. மூளையைக் கேட்காமல் அதுவாகவே திறந்தது.

“இன்னும் இரண்டு வருடம். அப்புறம் ஊருக்கே போய்விடுவோம்.”

சிரித்தபடிதான் சொன்னேன். எந்தத் தமிழனிடம் சொல்லியிருந்தாலும், “நாங்களும் அப்படித்தாங்க” என்று சேர்ந்து சிரித்திருப்பான். லிண்டா சிரிக்கவில்லை. நிவேதாவும் சிரிக்கவில்லை.

லிண்டா குரலைத் தாழ்த்தினார். “சார், நீங்கள் சொன்னதை நான் இன்னும் எழுதவில்லை. இங்கே பலர் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். வகுப்பு தொடங்கும் சமயத்தில் உங்களுக்குப் பன்னிரண்டு மாதம் ஆகிவிடும், ஆனால் படிப்புக்காக வந்து தங்கியிருப்பது மட்டும் போதாது. இது உங்கள் வீடு என்று நீங்கள் நினைக்கவேண்டும். கிளம்பத் தேதி வைத்திருப்பவரை நான் டெக்சாஸ்காரர் என்று எழுத முடியாது. நான் சொல்லிக்கொடுத்து நீங்கள் சொல்வதும் முறையல்ல. வீட்டுக்குப் போய் யோசியுங்கள். உண்மை எதுவோ அதை எழுதிக்கொண்டு வாருங்கள், நானே பார்க்கிறேன்.”

வெளியே வந்தோம். வெயில் தார் ரோட்டைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தது. காரில் ஏறினோம். நான்தான் ஆரம்பித்தேன்.

“பாப்பா, அப்பா சும்மா ஒரு பேச்சுக்குத்தான்…”

“பேச்சுக்குத்தான் சொல்லுவீங். எல்லாரும் பேச்சுக்குத்தான் சொல்லுவீங்.” அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “கோயம்புத்தூர் காலேஜ்ல அடுத்த வாரத்துக்குள்ள பீஸ் கட்டணுமாம். அம்மாகிட்ட கட்டச் சொல்லட்டுங்களா?”

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். தோற்றுப்போன குரலில் சொன்னாள். நான் ஏ.சி.யைக் கூட்டினேன். எனக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

6

இங்கே காலையென்றால் கோயம்புத்தூரில் கிளினிக் சாத்தும் நேரம். கார் நிறுத்துமிடத்திலேயே வைத்து சுகந்தியை வீடியோவில் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

“அந்தம்மா கேட்டதுக்கு நீங்க ரெண்டு வருஷம்னு சொன்னீங்களாக்கும்?”

“வாயில வந்துருச்சு.”

“உங்க வாயப் பத்தி எனக்குத் தெரியாததா? பதினெட்டு வருஷமா நான்தானே க்ளீன் பண்ணறேன்.” அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். “செரி, இப்ப நான் கேக்கறேன். அந்தம்மாவுக்குச் சொல்லறாப்ல வேண்டாம், எனக்குச் சொல்லுங்க. திரும்பி வருவீங்களா?”

நிவேதா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ‘ரெண்டு வருஷம்’ மறுபடியும் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

“தெரியல சுகந்தி.”

“தேதி ஏதாச்சும் வெச்சிருக்கறீங்களா?”

“இல்ல.”

“எப்பவாச்சும் வெச்சிருந்தீங்களா? நியூ ஜெர்சில இருந்தப்பவாச்சும்?”

யோசித்துப் பார்த்தேன். நாங்கள் அங்கிருந்து கிளம்பியதுகூட அவளுக்குக் கிளினிக் இடம் கிடைத்த அவசரத்தில்தான். நானாக ஒருநாளும் தேதி குறித்ததில்லை. காலண்டரில் ஒரு புள்ளிகூட வைத்ததில்லை. கிளம்பத் தேதி இல்லாமல் இருப்பவன்தான் அந்த ஊர்க்காரன் என்றால், நான் இருந்த ஊரிலெல்லாம் நான் அந்த ஊர்க்காரனாகத்தான் இருந்திருக்கிறேன். எனக்கு மட்டும்தான் அது தெரியாமல் இருந்திருக்கிறது.

“இல்ல,” என்றேன்.

“அவ்வளவுதானே. அத எழுதிக் குடுங்க. அது பொய்யில்லையே.”

“உனக்குக் கொடுத்த வாக்கு?”

சுகந்தி சிரித்தாள். “ஏனுங்க, நீங்க ரெண்டு வருஷம்னு சொன்ன அன்னிக்கே நான் ஜூனியர் டாக்டர் ஒருத்தியத் தேட ஆரம்பிச்சுட்டேன். அவ பழகிட்டா. நான் தீபாவளிக்கு வந்து மூணு மாசம் இருந்து பாக்கறேன். புடிச்சா இருக்கறேன், புடிக்காட்டி உங்களையும் இழுத்துட்டு வரேன். ஆனா ஒண்ணு, அந்த அட்டப்பெட்டில நான் சாப்பிட மாட்டேன். ஒழுங்கா ஒரு சோபா வாங்குங்க.”

“ரெண்டு நாற்காலி வாங்கினாப் போதாதா? கிளம்பறப்ப விக்கறது…”

அம்மாவும் மகளும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். நான் வாயை மூடினேன்.

அந்த வாரமே போன் நம்பரை டெக்சாஸுக்கு மாற்றினேன். செந்தில் அண்ணனுக்கு அதில் வருத்தம்தான். “ஏன்டா, குடும்பத்துல இருந்து பிரிஞ்சு போறயா?” என்று கேட்டார். பாங்க் முகவரியை மாற்றியதும் துரை எக்செல் ஷீட்டிலிருந்து ஒரு வரிசையை அழித்து, அதற்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான். அபார்ட்மென்ட்டுக்கு ஒரு வருட ஒப்பந்தம் போட்டேன். நான் ஆபீஸ் போயிருந்த நேரம் நிவேதா என் பெரிய பெட்டியைக் காலி செய்து, எல்லாவற்றையும் அலமாரியில் அடுக்கிவிட்டாள். பெட்டியின் அடியில் ஒரு வருடமாகத் தேடிக்கொண்டிருந்த என் ரீடிங் கிளாஸ் கிடைத்ததாம்.

ஆகஸ்டில் மறுபடியும் லிண்டாவிடம் போனேன். டெக்சாஸுக்கு வந்தது மகளின் படிப்புக்காகத்தான், ஆனால் வேலை இங்கே, வீடு இங்கே, மனைவியும் வரப்போகிறாள், கிளம்ப எந்தத் தேதியும் வைத்திருக்கவில்லை என்று உள்ளது உள்ளபடி எழுதியிருந்தேன். அவர் நிதானமாகப் படித்தார்.

“இந்த முறை ஏதாவது சேர்த்துச் சொல்லவேண்டுமா?” என்று கேட்டார்.

நிவேதா தயாராக என் செருப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். நான் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். வகுப்பு தொடங்குவதற்கு முன்பே முடிவு வந்தது. உள் மாநில மாணவி. எதற்கும் இருக்கட்டும் என்று பீஸ் கட்டி வைத்திருந்த கோயம்புத்தூர் கல்லூரியின் இடத்தை விட்டுவிடச் சொல்லி சுகந்திக்கு அனுப்பினேன். அவள் ஒரு பல் சிரிக்கும் படத்தைத் திருப்பி அனுப்பினாள்.

7

சோபா போன வாரம் வந்தது. பழுப்பு நிறம், மூன்று பேர் உட்காரலாம். கொண்டுவந்து போட்டவர்கள் மேலிருந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றப்போனார்கள். நான் வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். நம் ஊரில் ஃபிரிட்ஜ் கதவிலிருக்கும் பிளாஸ்டிக்கைக்கூட ஐந்து வருடம் கழற்றமாட்டோமே. புதுசாக இருந்தால்தானே நாளைக்கு நல்ல விலைக்குப் போகும்?

நேற்று இரவு, என் டெக்சாஸ் ஆண்டுவிழாவை முன்னிட்டு நானே அடுப்படியில் உப்புமா கிண்டிக்கொண்டிருந்தேன். நிவேதா சோபாவில் சாய்ந்து, பள்ளித் தோழி கீர்த்தனாவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். காதுக்கருவி வைத்திருப்பவள் என்று சொன்னேனே, அவள்தான். அவளுக்காக நிவேதா கேமராவைப் பார்த்து, உதடு தெளிவாகத் தெரியும்படி நிதானமாகப் பேசுவாள். ஒவ்வொரு முறை அசையும்போதும் பிளாஸ்டிக் கறகறவென்று சத்தம் போட்டது. கீர்த்தனாவின் கருவிக்கு இவள் பேச்சைவிட அந்தக் கறகறப்புதான் நன்றாகக் கேட்டிருக்கும்.

“இல்லடி, இங்கயே இருக்கறதுக்கெல்லாம் நான் வரல,” என்றாள் நிவேதா. “அம்மா கிளினிக் மாடி காலியாத்தான் இருக்குது. கீழ பல்லு, மேல காது. படிப்பு முடியட்டும், அனுபவத்துக்கு இங்க வேல பாத்துட்டு, நேரா கோயம்புத்தூர்தான்.”

அந்தப் பக்கம் கீர்த்தனா ஏதோ கேட்டாள்.

“எத்தன வருஷமா? ரெண்டே வருஷம்டி.”

என் கையில் கரண்டி நின்றது. அந்த வாக்கியத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அதன் தொனி தெரியும், அதற்குப் பின்னால் வரும் சிரிப்பு தெரியும், அதை எத்தனை கவுன்ட்டர்களில் என்னென்ன பாடுபட்டுச் சொல்லப்போகிறாள் என்பதும் தெரியும். அவளை இங்கே படிக்கவைக்க நான் இந்த ஊர்க்காரனாகிவிட்டேன். அவளோ, என்னைப் போலவே தேதி குறிக்காமல், ஊருக்குக் கிளம்பிவிட்டாள்.

அடுப்பை அணைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன்.

“எந்திரி பாப்பா.”

“ஏனுங்ப்பா?”

“எந்திரின்னு சொன்னா எந்திரி.”

போனைக் கையில் பிடித்தபடியே எழுந்து நின்றாள். நான் சோபாவின் பிளாஸ்டிக் உறையை ஒரு மூலையிலிருந்து கிழித்தேன். நீளமாக, சத்தமாகக் கிழிந்து வந்தது.

“ஐயோ, விக்கறதுக்கு இருக்கட்டும்னு சொன்னீங்ளே?”

“யாரு விக்கறது? உங்கம்மா தீபாவளிக்கு வரா. அப்புறம் நீ கோயம்புத்தூர்ல இருந்து லீவுக்கு வருவ. ஊர்ல இருந்து வர்றவங்க ஒக்கார ஒரு இடம் வேண்டாமா?”

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். போனுக்குள்ளிருந்து கீர்த்தனா, “என்னடி சத்தம் அது?” என்றாள்.